‘வேலை’ என்று அடித்தால் ‘ல’ மட்டும் வருகிறது

8 ஜூன் 2024, இரவு 9.40 | தஞ்சைத்தட்டச்சு

தமிழ் 99 கீபோர்டு முறையில் அடிக்கிறேன், அதில் புள்ளி மட்டும் வர மாட்டேன் என்கிறது. எப்போதும் இல்லை, சில சொல்லில் மட்டும். ‘அக்கா’ சரியாக வருகிறது, ‘பந்து’ சரியாக வருகிறது. ‘பால்’ என்று அடித்தால் ‘பால’, ‘பாடம்’ என்று அடித்தால் ‘பாடம’. மென்பொருளை 2 தடவை எடுத்துவிட்டு மறுபடி போட்டாச்சு. எழுத்துரு கோளாறா? லேப்டாப், விண்டோஸ் 11.

8 ஜூன் 2024, இரவு 10.15 | ரிப்பன்காரர்

எழுத்துருவும் இல்லை, மென்பொருளும் இல்லை. எஃப் கீ போயிருக்கிறது. தமிழ் 99-ல் புள்ளி அந்தக் கீயில்தான் இருக்கிறது.

‘அக்கா’வில் புள்ளி எப்படி வருகிறது என்றால், அதை நீங்கள் அடிப்பதே இல்லை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் (ந த, ம ப, ண ட) அப்படித்தான். அதனால் ‘பந்து’ தப்பிக்கிறது, ‘பால்’ மாட்டிக்கொள்கிறது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் கோளாறு விட்டுவிட்டு வருவது போலத் தெரிகிறது.

உறுதி செய்ய: விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் கீபோர்டு வரும். அதில் எஃப்-ஐ மவுஸால் சொடுக்கினால் புள்ளி வந்துவிடும். பிறகு கையால் அந்தக் கீயை அழுத்துங்கள். மற்ற கீகளை அழுத்தும்போது திரையில் அந்தந்தக் கட்டம் மின்னும், இது மட்டும் மின்னாது.

8 ஜூன் 2024, இரவு 10.22 | ரிப்பன்காரர்

விட்டுப்போனது. இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, மேல்வரிசை எஃப் 1 முதல் கீழே அம்புக்குறி வரை ஒவ்வொரு கீயாக அழுத்திப் பாருங்கள். வராததை மட்டும் எழுதுங்கள். கழற்றுவது, துடைப்பது, கடைக்குக் கொண்டுபோவது எல்லாம் அப்புறம். எது எது போனது என்ற பட்டியலே பாதி விடையைச் சொல்லிவிடும்.

9 ஜூன் 2024, காலை 7.05 | தஞ்சைத்தட்டச்சு

அண்ணே, நேற்று புள்ளி மட்டும்தான் என்று நினைத்தேன். இன்று காலை மொத்தம் 8 கீ வரவில்லை. 4, 5, ஐ, ஏ, புள்ளி, எ, வ, ங. ‘வேலை’ என்று அடித்தால் ‘ல’ மட்டும் வருகிறது. ‘நாங்கள்’ அடித்தால் ‘நாகள’. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

9 ஜூன் 2024, காலை 8.30 | ரிப்பன்காரர்

இந்தப் பட்டியலைக் கீபோர்டின் மேல் வைத்துப் பாருங்கள். 4-க்குக் கீழே ஐ, அதற்குக் கீழே புள்ளி, அதற்குக் கீழே வ. பக்கத்தில் 5, ஏ, எ, ங. இடது கை ஆள்காட்டி விரல் தொடும் எட்டுக் கீயும் அப்படியே வரிசையாகப் போயிருக்கின்றன. எட்டு கீயும் தனித்தனியாக ஒரே இரவில் கெட வாய்ப்பே இல்லை. எட்டுக்கும் பொதுவான ஒரு கம்பி அறுந்திருக்கிறது.

கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கே 8 கோடு, நெடுக்கே 16 கோடு என்று வலை மாதிரி போட்டிருப்பார்கள். கீயை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். 24 கோட்டில் 128 இடம் கிடைத்துவிடும், ஒரு முழு கீபோர்டுக்குப் போதும். கீகளைக் கவனிக்கும் சிப்பான கன்ட்ரோலர் நெடுக்குக் கோடுகளுக்கு ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்து, எந்தக் குறுக்குக் கோட்டில் அது வருகிறது என்று நொடிக்குப் பலமுறை பார்க்கும். நெடுக்குக் கோடு ஒன்று அறுந்தால் அதில் தொங்கும் 8 கீயும் போச்சு. நீங்கள் சொன்ன எட்டும் ஒரே நெடுக்கில் இருப்பது பல கீபோர்டுகளில் வழக்கம்.

முதலில் புள்ளி, பிறகு மற்றதெல்லாம் என்று வந்ததற்கும் காரணம் இதுவே. கோட்டின் நடுவில் அறுந்தால் அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள கீகள் மட்டும் போகும். ரிப்பன் (கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டைப் பட்டை) பக்கம் நெருங்கி அறுந்தால் மொத்தமும் போகும். அறுபடும் இடம் ரிப்பனை நோக்கி வருகிறது என்றால் உள்ளே ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறது. சமீபத்தில் மேலே ஏதாவது சிந்தியதா?

9 ஜூன் 2024, காலை 8.48 | தஞ்சைத்தட்டச்சு

டீ. 2 வாரம் முன்பு. கொஞ்சம்தான் அண்ணே, உடனே துடைத்துவிட்டேன். அதற்கப்புறம் 2 வாரம் ஒரு பிரச்சினையும் இல்லையே?

9 ஜூன் 2024, காலை 9.20 | ரிப்பன்காரர்

2 வாரம்தான் அது எடுத்துக்கொண்ட நேரம். உள்ளே இருப்பது செம்புக் கம்பி இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் வெள்ளி கலந்த மையால் அச்சடித்த கோடு. ஒரு கல்யாணப் பத்திரிகையில் வெள்ளி எழுத்து அடிப்பார்களே, பார்ப்பதற்கு அந்த மாதிரிதான் இருக்கும். மேல் தாள், கீழ்த் தாள், நடுவில் ஓட்டை போட்ட ஒரு தாள், ஆக மூன்று. கீயை அழுத்தினால் ஓட்டை வழியாக மேலும் கீழும் தொடும். டீ இந்தத் தாள்களுக்கு இடையில் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும், மேலே எவ்வளவு துடைத்தாலும் அங்கே போகாது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் வெள்ளிக் கோடு கரைந்து கருப்பாகும்.

சிந்தியவுடன் செய்ய வேண்டியது, இனிமேல் படிப்பவர்களுக்காக: பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றுங்கள். திறந்தபடியே கூடாரம் மாதிரி குப்புற வையுங்கள். சாய்த்துச் சாய்த்து ஆட்டக் கூடாது, அப்படிச் செய்தால் கீபோர்டில் நின்ற டீ மதர்போர்டுக்குப் போகும். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. அரிசி மூட்டையில் புதைப்பதால் ஒரு பயனும் இல்லை, அரிசித் தூள் உள்ளே போவதுதான் மிச்சம். காய்ந்த பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கீகளைச் சுற்றித் துடைக்கலாம்.

9 ஜூன் 2024, பகல் 11.50 | ஈயக்கம்பி

கடைசி வரியில் ஒரு திருத்தம் அண்ணே. வெறும் தண்ணீர் சிந்தினால் ஆல்கஹால் சரி. டீ, காபி, குளிர்பானம் என்றால் ஆல்கஹால் மட்டும் போட்டுப் பயனில்லை, சர்க்கரை அதில் கரையவே கரையாது. முதலில் தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் இல்லை, உப்பு படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி, கழற்றிய பாகத்தை மட்டும் அதில் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும். 99 சதவீதம் என்று எழுதிய புட்டி. 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான், காய நேரமாகும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுபிசுப்பு நிற்கும். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் ஆல்கஹால் கிடைக்கும், சென்னையில் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டையும் கீ பக்கமே கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும்.

சர்க்கரையை விட்டுவைத்தால் இன்னொரு தொல்லை, எறும்பு. சாரை சாரையாக ஸ்பேஸ் பார் அடியில் போகும். பூச்சி மருந்து ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு, அதில் உள்ள எண்ணெய் ரப்பரையும் தாளையும் ஊற வைத்துவிடும்.

9 ஜூன் 2024, பகல் 12.10 | ரிப்பன்காரர்

ஈயக்கம்பி சொன்னதே சரி. காலை 9.20 குறிப்பில் ஆல்கஹால் என்று எழுதியதைத் தண்ணீருக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

9 ஜூன் 2024, மாலை 6.35 | தஞ்சைத்தட்டச்சு

ஒரு நண்பர் டிரைவர் கோளாறாக இருக்கும், டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணு என்கிறார். பண்ணலாமா? லேப்டாப்பைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

9 ஜூன் 2024, இரவு 7.15 | ரிப்பன்காரர்

பண்ணினால் நஷ்டம் ஒன்றும் இல்லை, பலனும் இல்லை. டிரைவர் கெட்டால் மொத்தக் கீபோர்டும் போகும். 8 கீயைப் பொறுக்கி எடுத்து நிறுத்த டிரைவருக்குத் தெரியாது.

மென்பொருள் பக்கம் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். பாஸ்வேர்டு வைக்கும் கட்டத்தைத் திறந்து எஃப் கீயை அழுத்துங்கள். நல்ல கீ என்றால் ஒரு புள்ளியோ நட்சத்திரமோ விழும். என்டர் தட்டாமல் எஸ்கேப் அடித்து, சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு தவறி விழுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. அங்கே விண்டோஸே கிடையாது, அங்கும் கீ வரவில்லை என்றால் கோளாறு வன்பொருளில்தான்.

மென்பொருளால் வரும் கோளாறுக்குத் தனி முகம் உண்டு. வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வந்துவிடும், அப்போது எல்லாக் கீயும் மந்தமாகும், லேசாகத் தட்டினால் ஏற்காது. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் சேர்த்துத் தட்டிவிட்டால் மவுஸ் கீஸ், வலப்பக்க எண்கள் எழுதாமல் மவுஸ் அம்பை நகர்த்தும். சின்ன லேப்டாப்பில் நம் லாக் விழுந்தால் வலது கை எழுத்துகள் எண்ணாக மாறும். தமிழ் 99-ல் அதை அடையாளம் காண்பது சுலபம்: ற ன ட என்பது 4 5 6, ப ம த என்பது 1 2 3, ர என்பது 0. ‘மரம்’ அடித்தால் 202 என்று வந்தால் கீபோர்டில் குறையே இல்லை, நம் லாக்கை எடுத்தால் போதும்.

9 ஜூன் 2024, இரவு 7.40 | ரிப்பன்காரர்

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டில் இந்த 8 கீயில் எதுவும் இருக்கிறதா? இருந்தால் ஸ்கிரீன் லாக் ஆனதும் வெளியில் நிற்பீர்கள். உள்நுழையும் திரையில் வலது கீழ் மூலையில் மனித உருவம் போட்ட ஐகான் இருக்கும், அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு கிடைக்கும். அதைக் கொண்டு நுழைந்து பாஸ்வேர்டை மாற்றி வையுங்கள். 4, 5 இல்லாத பின் நம்பரும் சரி.

வேலை நிற்கக் கூடாது என்றால் யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகுங்கள். வெளியூரில் இருக்கிறீர்கள், கடை இல்லை என்றால் செத்த கீயின் வேலையைப் பக்கத்துக் கீக்கு மாற்றலாம். கேப்ஸ் லாக்கில் புள்ளியை வைத்தால் இடது சுண்டுவிரலுக்கு ஒரே நாளில் பழகிவிடும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் மென்பொருளில் உள்ள கீபோர்டு மேனேஜர் சுலபம், ஆனால் அது விண்டோஸுக்குள் நுழைந்த பிறகுதான் வேலை செய்யும். ஷார்ப்கீஸ் என்ற சின்ன மென்பொருள் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஸ்கேன்கோட் மேப் என்ற இடத்தில் எழுதுகிறது. அடிமட்டத்திலேயே கீ மாறிவிடுவதால் பாஸ்வேர்டு திரையிலும் செல்லும், தமிழ் மென்பொருளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு எச்சரிக்கை: செருகும் எல்லாக் கீபோர்டுக்கும் அது பொருந்தும். லேப்டாப்பைச் சரி செய்த பிறகு அந்தப் பதிவை நீக்க மறந்தால் புதுக் கீபோர்டிலும் கேப்ஸ் லாக் புள்ளி போடும்.

10 ஜூன் 2024, காலை 6.50 | ரிப்பன்காரர்

திறக்கப் பயம் என்றீர்கள். திறக்காமல் முடியாது. ஆனால் புதுக் கீபோர்டு வாங்குவதற்கு முன் ரிப்பனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் முழு வரிசை போவது ரிப்பன் லேசாக விலகினாலும் நடக்கும். அதற்குச் செலவு கிடையாது.

அணைத்து, சார்ஜர் எடுத்து, அடிப்பலகை ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவை டேப்பால் ஒட்டுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். குட்டை ஸ்க்ரூ இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் மேல்பக்கம் முட்டிக்கொண்டு எழும். பலகையை நெம்ப உலோகம் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும்.

கீபோர்டு ரிப்பன் போகும் கனெக்டரில் பூட்டு இருக்கும். இரண்டு வகை. ஒன்று கதவு மாதிரி மேலே தூக்குவது, நகத்தால் நுனியைத் தொட்டாலே எழும்பும். இன்னொன்று இரண்டு ஓரத்தையும் பிடித்து 1 மி.மீ. வெளியே இழுப்பது. எந்த வகை என்று பார்க்காமல் இழுத்தால் பூட்டு ஒடியும், ஒடிந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டிவரும். பூட்டைத் திறந்த பிறகு ரிப்பன் தானாகக் கழலும், பலம் தேவைப்பட்டால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். பின்புற வெளிச்சம் உள்ள கீபோர்டு என்றால் ஒல்லியாக இரண்டாவது ரிப்பன் ஒன்று இருக்கும்.

ரிப்பன் நுனியில் பச்சையோ கருப்போ படிந்திருக்கிறதா பாருங்கள். ஆல்கஹால் தொட்ட பட்ஸால் ஒரே திசையில் துடையுங்கள். தங்க நிற நுனி என்றால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்க்கலாம். கருப்பு நுனி என்றால் அது கார்பன் பூச்சு, ரப்பர் போட்டால் பூச்சே வந்துவிடும். மறுபடி செருகும்போது ரிப்பனின் குறுக்கே உள்ள வெள்ளைக் கோடு கனெக்டருக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே என்று சரிந்தால் ஓரத்துக் கோடுகள் தொடாது.

10 ஜூன் 2024, காலை 7.02 | ரிப்பன்காரர்

ரிப்பனைக் கழற்றும்போதே மல்டிமீட்டர் இருந்தால் பீப் மோடில் வைத்து, ஒரு முனையை ஒரு கோட்டில் வைத்துக்கொண்டு இன்னொரு முனையால் மற்ற கோடுகளைத் தடவுங்கள். கூடவே ஒருவர் கீயை அழுத்திப் பிடிக்க வேண்டும். பீப் வந்தால் கீ நல்லது.

10 ஜூன் 2024, காலை 9.30 | ரிப்பன்காரர்

மேலே 7.02-ல் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். பீப் மோடு வேண்டாம். பெரும்பாலான மீட்டரில் சில பத்து ஓமுக்குள் இருந்தால்தான் பீப் அடிக்கும். வெள்ளி மைக் கோடு செம்பு மாதிரி இல்லை, நல்ல கீபோர்டிலேயே கீயை அழுத்தினால் சில நூறு ஓம் காட்டலாம். பீப் வராததைப் பார்த்துவிட்டு நல்ல கீபோர்டைக் குப்பையில் போட நேரும். 2000 ஓம் ரேஞ்சில் வையுங்கள்.

முதலில் நல்ல கீ ஒன்றை அழுத்திப் பிடித்து, எந்த இரண்டு கோட்டில் எண் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கை பழகிவிடும். பிறகு எஃப் கீ. எந்த ஜோடியிலும் எண் வரவில்லை என்றால் கீபோர்டுக்குள் அறுந்திருக்கிறது. எண் வருகிறது என்றால் கீபோர்டு நல்லது, கோளாறு கனெக்டரிலோ மதர்போர்டிலோ. இந்த ஒரு அளவைச் செய்யாமல் கீபோர்டு வாங்கி மாட்டிவிட்டு, அதே 8 கீ மறுபடி வராமல் நிற்பவர்கள் நிறைய.

10 ஜூன் 2024, இரவு 8.20 | ஈயக்கம்பி

அடிப்பலகையைக் கழற்றியதும் பேட்டரியை ஒரு பார்வை பாருங்கள். தலையணை மாதிரி உப்பியிருந்தால் மற்றதெல்லாம் நிறுத்திவிடுங்கள். நடுக்கீகள் அழுந்தாமல் போவது, டச்பேட் சொடுக்காமல் போவது இரண்டும் பேட்டரி உப்பினாலும் வரும். அதைக் குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். முதலில் மாற்ற வேண்டியது அதுதான்.

11 ஜூன் 2024, பிற்பகல் 3.10 | நுங்கம்விரல்

இடையில் நுழைகிறேன். எனக்குக் கீ வராத பிரச்சினை இல்லை, இரண்டு தடவை வரும் பிரச்சினை. ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு. தமிழ் 99-ல் க என்று ஒருமுறை தட்டினால் சில நேரம் இரண்டு விழுகிறது. ‘மகள்’ என்று அடித்தது ‘மக்கள்’ ஆகிவிட்டது, பிழைதிருத்தியும் பிடிக்கவில்லை.

11 ஜூன் 2024, மாலை 4.00 | ஈயக்கம்பி

பிழைதிருத்தி எப்படிப் பிடிக்கும், இரண்டும் நல்ல சொல். ட கீ இப்படி ஆனால் ‘படம்’ ‘பட்டம்’ ஆகும், ‘பாடு’ ‘பாட்டு’ ஆகும். பழைய டைப்ரைட்டர் முறையில் ‘கக’ என்று கண்ணில் உறுத்தும், தமிழ் 99 அழகாகப் புள்ளி வைத்துத் தந்துவிடுகிறது.

இது ஸ்விட்ச் நடுக்கம். உள்ளே இருக்கும் உலோகத் தகடு தொட்டதும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் துள்ளும். கன்ட்ரோலர் வழக்கமாக 5 மில்லிநொடி போலப் பொறுத்துவிட்டுத்தான் கணக்கில் எடுக்கும். தூசி, அழுக்கு, தேய்மானத்தால் துள்ளல் அதற்கு மேல் நீண்டால் ஒரு தட்டு இரண்டாகும். தற்காலிகத்துக்கு விண்டோஸ் ஃபில்டர் கீஸில், ஒரே கீ அடுத்தடுத்து வந்தால் ஏற்காதே என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போடலாம்.

11 ஜூன் 2024, மாலை 4.45 | ரிப்பன்காரர்

தம்பி, ஆங்கிலத்தில் அடிப்பவருக்கே அது இடைஞ்சல், தமிழ் 99 அடிப்பவருக்குச் சுத்தமாக ஆகாது. அதன் குறைந்தபட்ச நேரமே அரை நொடி. அரை நொடிக்குள் க-வை இரண்டாவது முறை தட்டினால் விழுங்கிவிடும். ‘அக்கா’ ‘அகா’ ஆகும், ‘பட்டம்’ ‘படம்’ ஆகும். ஒரு கீயின் குறைக்காக எல்லா இரட்டிப்பையும் இழக்க வேண்டாம். கியூஎம்கே மாதிரி நாமே மாற்றக்கூடிய ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) என்றால் அந்த 5 மில்லிநொடியை 10 ஆக்கிப் பாருங்கள், விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

11 ஜூன் 2024, மாலை 5.10 | ஈயக்கம்பி

ஆமாம் அண்ணே, இரட்டிப்பை யோசிக்கவில்லை. ஃபில்டர் கீஸ் வேண்டாம்.

நுங்கம்விரல், ஸ்விட்ச் கழற்றிச் செருகும் வகையா? அப்படியானால் க ஸ்விட்ச்சையும், அதிகம் பயன்படாத ஸ்க்ரோல் லாக் ஸ்விட்ச்சையும் இடம் மாற்றிச் செருகுங்கள். நடுக்கம் ஸ்விட்ச்சோடு போனால் ஸ்விட்ச், அங்கேயே நின்றால் போர்டு. செருகும்போது இரண்டு கால்களும் நேராக இருக்கிறதா பாருங்கள், ஒரு கால் மடிந்துபோய் அந்தக் கீ செத்துவிட்டது என்று வருபவர்களே அதிகம். மூக்கு நீண்ட பிளையரால் நிமிர்த்தினால் சரி. பற்றவைத்த வகை என்றால், கீபோர்டு ஓடும்போதே ட்வீசரால் ஸ்விட்ச்சின் இரண்டு காலையும் தொடுங்கள். எழுத்து ஒழுங்காக ஒன்று மட்டும் வந்தால் ஸ்விட்ச்சை மாற்றுங்கள். ஒன்றுமே வராவிட்டால் அந்தக் கீக்குப் பக்கத்தில் உள்ள டயோடோ செம்புக் கோடோ.

11 ஜூன் 2024, இரவு 9.05 | ரிப்பன்காரர்

மேசைக் கீபோர்டு வைத்திருப்பவர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சாதாரண யூஎஸ்பி கீபோர்டிலும் இதே மூன்று தாள்தான், ஆனால் அங்கே ரிப்பன் பூட்டு கிடையாது. தாளின் வாலை கன்ட்ரோலர் போர்டின் மேல் வைத்து ஒரு பட்டையால் ஸ்க்ரூ போட்டு அமுக்கியிருப்பார்கள். வரிசையாகக் கீகள் போனால் பாதி நேரம் அந்தப் பட்டை தளர்ந்ததுதான் காரணம். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள், ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். கீபோர்டைக் குப்புற வைத்துத் திறங்கள், இல்லாவிட்டால் ரப்பர் குமிழ்கள் கொட்டும். தாளின் வாலைத் துடைத்துப் பட்டையை இறுக்கினால் போதும். கோடு அறுந்திருந்தால் கடத்தும் வெள்ளிப் பெயின்ட்டால் 2 முறை பூசி, ஒரு இரவு காய விடலாம். ஈயம் வைக்க முயலாதீர்கள், தாள் உருகிச் சுருண்டுவிடும். பென்சில் கரி பூசச் சொல்வார்கள், அதில் மின்தடை மிக அதிகம், நிற்காது.

லேப்டாப் தாள்களை ஒட்டியிருப்பார்கள், பிரித்தால் திரும்பச் சேர்வதில்லை. அங்கே பெயின்ட் வேலை வேண்டாம்.

13 ஜூன் 2024, காலை 10.15 | தஞ்சைத்தட்டச்சு

திறந்தேன் அண்ணே. பேட்டரி தட்டையாக இருக்கிறது. ரிப்பன் நுனி கருப்பு, சுத்தமாகத்தான் இருந்தது, துடைத்து மறுபடி போட்டேன், மாற்றம் இல்லை. மீட்டர் வைத்தேன். ல கீக்கு 180 ஓம் காட்டுகிறது. எஃப் கீக்கும் வ கீக்கும் எந்த ஜோடியிலும் ஒன்றுமில்லை. கீபோர்டு வாங்க வேண்டும்தானே? கீழே ஸ்க்ரூ எதுவும் இல்லை, கருப்புப் பிளாஸ்டிக் பொட்டுகளாகத்தான் இருக்கின்றன.

13 ஜூன் 2024, பகல் 11.00 | ரிப்பன்காரர்

ஆமாம், வாங்க வேண்டியதுதான். மதர்போர்டு பிழைத்தது, நல்ல செய்தி.

பழையதன் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் இருக்கும். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலில் 2, 3 விதக் கீபோர்டு வரும். ரிப்பன் எந்தப் பக்கம் இறங்குகிறது, எவ்வளவு நீளம், பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கிறதா, பின்வெளிச்சம் உண்டா, என்டர் கீ படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, இவ்வளவும் ஒத்துப்போக வேண்டும்.

வாங்கியதும் பொருத்திவிடாதீர்கள். பழையதை எடுப்பதற்கு முன்பே புதியதன் ரிப்பனை மட்டும் கனெக்டரில் செருகி, கீபோர்டை வெளியே வைத்து, அடியில் அட்டை போட்டு, பேட்டரியை மாட்டி ஆன் செய்யுங்கள். எல்லாக் கீயும் வருகிறதா பாருங்கள். குறை இருந்தால் கடைக்காரர் அப்போதுதான் திரும்ப எடுப்பார், பொட்டு வைத்த பிறகு எடுக்க மாட்டார். பிறகு பேட்டரியைப் பிடுங்கிவிட்டு மேற்கொண்டு போங்கள்.

அந்தக் கருப்புப் பொட்டுகள் உருக்கி அடித்த பிளாஸ்டிக் ஆணிகள். அறுபதுக்கு மேல் இருக்கும். கூர்மையான பிளேடால் தலையை மட்டும் சீவுங்கள், தண்டை விட்டுவையுங்கள். பிடுங்கினால் தண்டும் சேர்ந்து வந்துவிடும். புதியதை அந்தத் தண்டுகளில் உட்கார வைத்து, சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து ஒவ்வொரு தண்டையும் 1 நொடி தொட்டு அமுக்குங்கள். தண்டு கட்டையாகிவிட்ட இடத்தில் ஒரு துளி எபாக்ஸி. நடுப்பகுதியில் ஒன்றையும் விடாதீர்கள், விட்டால் அடிக்கும்போது கீபோர்டு அமுங்கி அமுங்கி எழும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை நல்லதல்ல.

13 ஜூன் 2024, பகல் 11.25 | ஈயக்கம்பி

முதல் தடவை என்றால் அறுபது பொட்டு பெரிய வேலை. கீபோர்டை நீங்களே பார்ட் நம்பர் பார்த்து வாங்கி, சோதித்து, பொட்டு வேலைக்கு மட்டும் கடையில் கொடுப்பது புத்திசாலித்தனம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

19 ஜூன் 2024, இரவு 8.50 | தஞ்சைத்தட்டச்சு

வேலை. நாங்கள். பால். பாடம். எவ்வளவு.

எல்லாம் வருகிறது அண்ணே! பொட்டு வேலை கடையில் செய்தார்கள், ஈயக்கம்பி சொன்னபடி. ஆனால் கேப்ஸ் லாக் தட்டினால் புள்ளி விழுகிறது.

19 ஜூன் 2024, இரவு 9.00 | ரிப்பன்காரர்

9-ஆம் தேதி 7.40 குறிப்பின் கடைசி வரி. ஷார்ப்கீஸைத் திறந்து அந்தப் பதிவை நீக்கி, ரிஜிஸ்ட்ரியில் எழுதச் சொல்லி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய கீபோர்டு கையில் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ரிப்பன் வாயிலிருந்து 2, 3 செ.மீ. வரை பாருங்கள். கருத்த கோடு தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

20 ஜூன் 2024, காலை 7.30 | தஞ்சைத்தட்டச்சு

கேப்ஸ் லாக் சரியாகிவிட்டது. ரிப்பன் பக்கத்தில் ஒரே ஒரு கோடு, மயிரிழை மாதிரி, ஒரு அரிசி நீளத்துக்குக் கருப்பு. சுற்றிலும் டீ நிறத்தில் கறை வளையம். பக்கத்துக் கோட்டிலும் லேசாகக் கருப்பு தொட ஆரம்பித்திருக்கிறது. படம் மாலையில் போடுகிறேன்.